பெரிய ராஸ்டர் கோப்புகளை எந்த வடிவில், எப்படிச் சுருக்கிச் சேமிப்பது?

ட்ரோன் படம், செயற்கைக்கோள் படம், உயரத் தரவு, நிலப்பயன்பாட்டு வகைப்பாடு என்று எதில் தொடங்கினாலும், ராஸ்டர் (பிக்சல் கட்டங்களில் எண்களை வைத்திருக்கும் படம்) வேலையில் சீக்கிரமே வந்து நிற்கும் சிக்கல் இடம். டிஸ்க் நிரம்பிவிடும். கோப்பைத் திறந்தால் திரை உறைந்து நிற்கும். யாருக்காவது அனுப்பலாம் என்றால் பதிவேற்றம் முடிகிற பாடாக இருக்காது. உடனே ‘எந்தக் கம்ப்ரஷன் நல்லது?’ என்று தேடுவோம். எல்இசட்டபிள்யூ, டிஃப்லேட், இசட்ஸ்டாண்டர்டு, ஜேபெக், லெர்க் என்று ஒரு பட்டியல் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆதரவாளர் கூட்டம் இருக்கும்.

அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: உங்கள் பிக்சலில் உட்கார்ந்திருக்கும் எண் எதைச் சொல்கிறது? அதற்குப் பதில் தெரிந்தால் கோப்பு வடிவம், சுருக்கும் முறை, அதன் விருப்பங்கள் என்று பாக்கி எல்லாம் ஏறக்குறையத் தானாகவே வரிசையில் வந்து நிற்கும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்வதெல்லாம் ஜிடால் நூலகத்தை வைத்து. ஃபிராங்க் வார்மர்டாம் 1998-இல் தொடங்கிய திறமூலத் திட்டம் அது. வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் உட்படப் பல மென்பொருள்கள் உள்ளுக்குள் ராஸ்டரைப் படிப்பதும் எழுதுவதும் அதைக் கொண்டுதான். கட்டளை வரி பழக்கமில்லை என்றாலும் பரவாயில்லை. க்யூஜிஐஎஸ்-இன் ராஸ்டர் மெனுவில் உள்ள டிரான்ஸ்லேட் கருவியில் இதே விருப்பங்களைக் கொடுக்கலாம்.

முதல் படி: கையில் இருப்பதைப் பாருங்கள்

ஜிடால்இன்ஃபோ கட்டளையை ஓட்டுங்கள், அல்லது க்யூஜிஐஎஸ்-இல் லேயரின் பண்புகளைத் திறந்து தகவல் பக்கத்தைப் பாருங்கள். அகலமும் உயரமும் எத்தனை பிக்சல், எத்தனை பேண்ட் (நிறம் அல்லது அலைநீள அடுக்கு), தரவு வகை என்ன, நோடேட்டா மதிப்பு (தரவு இல்லாத இடத்தைக் குறிக்கும் எண்) எது, இப்போது என்ன சுருக்கம் இருக்கிறது, பிளாக் (ஒரே மூச்சில் படிக்கும் துண்டு) அளவு என்ன, ஓவர்வியூ (படத்தின் சிறிய நகல்) உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நன்றாகச் சுருக்கி வைத்த கோப்பை மீண்டும் சுருக்க மெனக்கெடுவோர் நிறையப் பேர். ஜிப் செய்தால் இன்னும் குறையும் என்று நினைப்பதும் அந்த வகைதான். டிஃப்லேட்டில் சுருக்கிய கோப்பை ஜிப்பில் போட்டால் பெரும்பாலும் எதுவும் குறையாது, திறப்பதற்கு ஒரு வேலை கூடும், அவ்வளவே.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. சுருக்காத அளவு என்பது அகலம் × உயரம் × பேண்டுகளின் எண்ணிக்கை × ஒரு மதிப்புக்கு ஆகும் பைட். 8 பிட் என்றால் 1 பைட், 16 பிட் என்றால் 2, 32 பிட் முழு எண்ணும் 32 பிட் ஃப்ளோட்டும் 4, 64 பிட் ஃப்ளோட் 8. அகலம் 50,000, உயரம் 40,000 பிக்சல் என்றால் மொத்தம் 200 கோடிப் பிக்சல். நான்கு பேண்ட், 16 பிட் என்றால் 16 ஜிபி. அதையே மூன்று பேண்ட், 8 பிட் என்று வைத்தால் 6 ஜிபி. இன்னும் எந்தச் சுருக்கமும் செய்யவில்லை, அதற்குள் 10 ஜிபி வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் படி: எண் எதைச் சொல்கிறது?

மூன்று வகைதான்.

ஒன்று, அளவீடு. கடல் மட்டத்திலிருந்து உயரம், வெப்பநிலை, ஒளி எதிரொளிப்பு, மழை அளவு. இங்கே 412.3 என்றால் 412.3 மீட்டர். அதை வைத்து மேலே கணக்குப் போடுவார்கள்: சரிவு, நீரோட்டத் திசை, என்டிவிஐ (தாவரப் பசுமைக் குறியீடு). எண் கொஞ்சம் மாறினால், எவ்வளவு மாறியது என்பது தெரிந்தாக வேண்டும்.

இரண்டு, வகை எண். நிலப்பயன்பாடு, மண் வகை, மேகம் உண்டா இல்லையா. இங்கே எண் வெறும் அடையாளம். 50 என்பது 10-ஐவிட ஐந்து மடங்கு பெரியது அல்ல. இதில் ஒரு எண் மாறினால் பொருளே மாறிவிடும்.

மூன்று, நிறம். கண்ணால் பார்க்கத்தான் படம். பின்னணி வரைபடம், ஸ்கேன் செய்த பழைய வரைபடம், ட்ரோன் ஆர்த்தோ படம் (நேர் மேலிருந்து பார்ப்பதுபோலத் திருத்திய படம்). சிவப்பு 131-க்குப் பதில் 133 ஆனால் யாருக்கும் தெரியாது.

ஒரே படம் இரண்டு வகையிலும் வரலாம். ட்ரோன் படத்தைப் பார்க்க மட்டும் வைத்திருந்தால் அது நிறம். அதிலிருந்து பயிரின் பச்சைத்தன்மையைக் கணக்கிடப் போகிறீர்கள் என்றால் அது அளவீடு. எனவே படத்தை யார் எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தப் பிரிவினையின் முதல் விளைவு: இழப்புள்ள சுருக்கம், அதாவது ஜேபெக் போன்றவை, நிறத்துக்கு மட்டும். வகை எண்களுக்கு ஒருபோதும் கூடாது. அளவீடுகளுக்கு, பிழை எவ்வளவு என்று நீங்களே வரம்பு வைக்க முடிந்தால் மட்டும்.

மூன்றாம் படி: சுருக்கும் முன் தரவு வகையைத் திருத்துங்கள்

அதிகம் பேர் தாண்டிப் போய்விடும் படி இதுதான். அதிக லாபம் இருப்பதும் இங்கேதான்.

பத்து வகைகள் கொண்ட நிலப்பயன்பாட்டுப் படம் 32 பிட் ஃப்ளோட்டில் வந்து சேர்வதை அடிக்கடி பார்க்கலாம். ராஸ்டர் கால்குலேட்டர் எதையாவது ஓட்டினால் விளைவு ஃப்ளோட்டில் விழுவது சகஜம். 0 முதல் 255 வரை போதும் என்றால் பைட் வகைக்கு மாற்றுங்கள். நான்கில் ஒரு பங்காகக் குறையும், ஒரு தகவலும் போகாது.

அளவீடுகளில் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. என்டிவிஐ -1 முதல் 1 வரை. அதை ஃப்ளோட்டில் வைத்தால் பிக்சலுக்கு 4 பைட். 10,000-ஆல் பெருக்கி 16 பிட் முழு எண்ணாக வைத்தால் 2 பைட். நான்கு தசம இடம் பத்திரமாக இருக்கும், அதற்கு மேல் துல்லியம் அந்த அளவீட்டிலேயே கிடையாது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களின் எதிரொளிப்பு மதிப்பும் இப்படி 10,000-ஆல் பெருக்கித்தான் வருகிறது. ஒரு எச்சரிக்கை: 2022 ஜனவரி முதல் வெளியாகும் சென்டினல்-2 தரவில் அத்தோடு 1000 கூட்டியிருக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால் விடை தப்பாக வரும். நீங்களும் இப்படிப் பெருக்கிச் சேமித்தால் அசல் மதிப்பைத் திரும்பப் பெற உதவும் ஸ்கேல் (பெருக்கும் எண்), ஆஃப்செட் (கூட்டும் எண்) இரண்டையும் கோப்பின் மெட்டாடேட்டாவில் எழுதுங்கள். சில மென்பொருள்கள் அதைக் கண்டுகொள்ளாமல் மூல எண்ணையே காட்டும். எனவே கூடவே ஒரு சிறு குறிப்புக் கோப்பும் இருக்கட்டும்.

உயரத் தரவுக்கு வருவோம். 32 பிட் ஃப்ளோட்டில் ஏறக்குறைய ஏழு இலக்கத் துல்லியம் கிடைக்கும். லைடார் என்ற லேசர் அளவீட்டிலோ ட்ரோனிலோ கிடைத்த உயரம் 412.3378 மீட்டர் என்று பதிவாகியிருக்கும். கருவியின் உண்மையான துல்லியம் சில சென்டிமீட்டர் என்றால் கடைசி இரண்டு இலக்கம் வெறும் இரைச்சல். இரைச்சலை எந்தச் சுருக்க முறையாலும் சுருக்க முடியாது. திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைத்தான் இவை சுருக்கும். இரைச்சலில் ஒழுங்கு ஏது? ஃப்ளோட் உயரக் கோப்புகள் சுருக்கிய பிறகும் குண்டாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிவிடலாமே என்று தோன்றும். செய்தால் ஓரளவுதான் பலன். 0.01 என்ற எண்ணை இரும எண் முறையில் துல்லியமாக எழுத முடியாது, 412.34 என்று முழுமையாக்கினாலும் உள்ளே இருக்கும் பிட்கள் கடைசி வரை கலைந்தே கிடக்கும். அதற்குப் பதில் 1/128 மீட்டரின் மடங்காக முழுமையாக்குங்கள். அதாவது 128-ஆல் பெருக்கி, முழு எண்ணாக்கி, மீண்டும் 128-ஆல் வகுப்பது. ஜிடால்கால்க் கருவியில் ஒரே வரி. படி 8 மில்லிமீட்டருக்கும் குறைவு, பிழை அதில் பாதி. ஆனால் இப்போது கடைசி பிட்கள் எல்லாம் பூஜ்யமாகிவிடும், சுருக்கும் முறைக்குப் பிடி கிடைத்துவிடும். நோடேட்டா மதிப்பு மட்டும் இந்தக் கணக்கில் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். -9999 போன்ற முழு எண் என்றால் பிரச்சினை இல்லை.

முழு எண்ணுக்கே மாற்றுவது இன்னொரு வழி. மீட்டர் துல்லியம் போதும் என்றால் 16 பிட் போதும். விண்கல ரேடாரில் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு அப்படித்தான் வருகிறது. ஒரு பாகைக் கட்டத்துக்கு 3601 × 3601 மதிப்புகள், ஒவ்வொன்றும் 2 பைட், ஆக 2,59,34,402 பைட். அந்தத் தரவு வரும் எச்ஜிடி கோப்பின் அளவைப் பார்த்தால் மிகச் சரியாக அதே எண் இருக்கும். தலைப்பு எதுவும் இல்லை, இருப்பிடத்தைக் கோப்பின் பெயரிலிருந்துதான் எடுக்க வேண்டும். டெசிமீட்டர் துல்லியம் வேண்டும் என்று 10-ஆல் பெருக்கி அதே 16 பிட்டில் வைத்தால் உச்சம் 3276.7 மீட்டர். சமவெளிக்குச் சரி, உயர்ந்த மலைகள் அதற்குள் அடங்காது.

நான்காம் படி: கோப்பு வடிவம்

இதில் நான் அதிகம் சுற்றி வளைக்கப் போவதில்லை. வேறு வடிவத்துக்குக் காரணம் எதுவும் இல்லாதபோது ஜியோடிஃப் (இருப்பிடத் தகவலும் சேர்ந்த டிஃப் படக் கோப்பு). படிக்காத மென்பொருள் கிடையாது. 8 பிட் முதல் 64 பிட் வரை எல்லாத் தரவு வகையும் அடங்கும். படம் பூமியில் எங்கே என்று குறிக்க உதவும் ஆயத்தொலைவு அமைப்பு கோப்புக்குள்ளேயே இருக்கும். கோப்பின் உள்ளே எந்தச் சுருக்க முறையையும் வைக்கலாம் என்பதால் ‘ஜியோடிஃப் பெரியது, ஜேபெக் சிறியது’ என்ற ஒப்பீடே தவறு. ஜியோடிஃபுக்குள் ஜேபெக் இருக்க முடியும்.

ஜியோடிஃபிலேயே ஒரு கண்டிப்பான வகை காக். கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப் என்பதன் சுருக்கம். உள்ளே டைல்களாக (சிறு சதுரத் துண்டுகளாக) பிரித்து, ஓவர்வியூவும் வைத்து, குறிப்புகள் எல்லாம் கோப்பின் தொடக்கத்தில் வரும்படி அடுக்கியிருப்பார்கள். சர்வரில் வைத்தால், பார்ப்பவர் முழுக் கோப்பையும் இறக்காமல் தனக்குத் தேவையான பகுதியை மட்டும் கேட்டு வாங்கலாம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் தரவின் இரண்டாம் தொகுப்பு இந்த வடிவில்தான் வருகிறது. புவியியல் தரவுக்கான தரநிலை அமைப்பான ஓஜிசி 2023-இல் இதைத் தரநிலையாக ஏற்றது. ஜிடால் 3.1 முதல் நேரடியாக எழுத முடியும். சர்வரே இல்லை, என் கணினியில்தான் வைத்திருப்பேன் என்றாலும் காக் நல்ல வழக்கம். வேண்டிய அடுக்கை அது தானே செய்துவிடும்.

ஜேபி2, அதாவது ஜேபெக் 2000, படத்தை நன்றாகச் சுருக்கும். சென்டினல்-2 படங்கள் இதில் வருகின்றன: 10 மீட்டர் பேண்ட் ஒவ்வொன்றும் 10,980 × 10,980 பிக்சல். ஆனால் திறப்பதற்குக் கணினி உழைக்க வேண்டும். பகிர நல்லது, தினமும் திறந்து மூட அவ்வளவு நல்லதல்ல. அதிக வேலை இருந்தால் இறக்கியவுடன் ஜியோடிஃபுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஈசிடபிள்யூ, மிஸ்டர்சிட் இரண்டும் பெரிய வான்படங்களை வியக்கும்படி சிறிதாக்கும். ஆனால் தனியுரிமை வடிவங்கள். எழுத உரிமம் வேண்டும், படிக்கக்கூடத் தனி நூலகம் வேண்டும். யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், நானாக ஒன்றை அந்த வடிவில் உருவாக்க மாட்டேன். ஆஸ்கி கிரிட் என்ற உரைக் கோப்பு எல்லோரும் படிக்கக்கூடியதுதான், ஆனால் ஒவ்வொரு எண்ணையும் எழுத்தெழுத்தாக எழுதுவதால் ஊதிவிடும். சிறிய கோப்பைத் தவிர வேறெதற்கும் வேண்டாம். பிஎன்ஜி, ஜேபெக் படத்தோடு வேர்ல்ட் ஃபைல் வைப்பதில் ஒரு குறை: அந்தத் துணைக் கோப்பில் பிக்சல் அளவும் இடமும் இருக்கும், ஆயத்தொலைவு அமைப்பு இருக்காது.

நாள்தோறும் ஒரு அடுக்கு வீதம் வருடக்கணக்கில் சேரும் வானிலைத் தரவு போன்றவை வேறு உலகம். அங்கே நெட்சிடிஎஃப், ஸார் போன்ற பல பரிமாண வடிவங்கள் பொருந்தும். கைபேசியில் இணையமில்லாமல் காட்டவேண்டிய பின்னணி வரைபடம் என்றால் எம்பிடைல்ஸ் நன்றாக வேலை செய்யும். அது பார்ப்பதற்கான நகல், மூலத்தை அதில் வைக்காதீர்கள்.

ஒரு பெரிய கோப்பா, பல சிறிய கோப்புகளா? ஒரே மாவட்ட அளவுப் படத்தை அவ்வப்போது பகுதி பகுதியாகப் புதுப்பிப்பீர்கள் என்றால் சிறு கோப்புகளாகவே வையுங்கள். அவற்றின் மேல் ஒரு விஆர்டி கோப்பு செய்துகொண்டால் எல்லாம் சேர்ந்து ஒரே படம்போலத் திறக்கும். விஆர்டி என்பது எந்தக் கோப்பு எங்கே உட்காருகிறது என்ற குறிப்பு மட்டுமே. அதற்குள் பிக்சல் கிடையாது. அதை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் படம் வரவில்லையா என்று கேட்காதீர்கள்.

ஐந்தாம் படி: சுருக்கும் முறை

இப்போது அந்தப் பட்டியலைத் திறக்கலாம்.

டிஃப்லேட் என்பது ஜிப்பிலும் பிஎன்ஜியிலும் உள்ள அதே முறை. இழப்பற்றது, எங்கும் திறக்கும். எதுவும் யோசிக்க நேரமில்லை என்றால் இதைப் போடுங்கள். சுருக்கும் தீவிரத்தின் அளவு 1 முதல் 9 வரை, 6 இயல்பானது. 9 போட்டால் நேரம் நிறைய ஆகும், கோப்பு கொஞ்சமே குறையும். ஒரு முறை எழுதிப் பல வருடம் வைக்கப் போகும் கோப்புக்கு மட்டும் 9.

எல்இசட்டபிள்யூ இதைவிடப் பழையது. மிகப் பழைய மென்பொருளும் திறக்கும் என்பதுதான் இன்று இதன் பலம்.

இசட்ஸ்டாண்டர்டு 2016-இல் ஃபேஸ்புக்கிலிருந்து திறமூலமாக வந்தது. டிஃப்லேட்டுக்கு நிகரான அளவு, ஆனால் எழுதுவதும் படிப்பதும் வேகம். உங்கள் குழுவில் எல்லோரும் புதிய ஜிடால், புதிய க்யூஜிஐஎஸ் வைத்திருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். வெளியில் கொடுக்கும் கோப்பு என்றால் டிஃப்லேட்டே நல்லது. பழைய மென்பொருள் இசட்ஸ்டாண்டர்டு கோப்பைத் திறக்காது.

இவை மூன்றோடும் சேர்த்துப் போட வேண்டிய விருப்பம் பிரிடிக்டர். இதை விட்டுவிட்டால் பாதிப் பலன் போய்விடும். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் உயரம் 412, 413, 413, 415 என்று போகும். அப்படியே வைப்பதற்குப் பதில் 412, +1, 0, +2 என்று வித்தியாசத்தை மட்டும் வைத்தால் சிறு எண்கள் திரும்பத் திரும்ப வரும், சுருக்க எளிது. முழு எண் தரவுக்குப் பிரிடிக்டர் 2. ஃப்ளோட் தரவுக்குப் பிரிடிக்டர் 3. அது எண்ணின் பைட்களைப் பிரித்து அடுக்கிப் பிறகு வித்தியாசம் எடுக்கும். 16 பிட் செயற்கைக்கோள் படத்தைப் பிரிடிக்டர் இல்லாமல் எல்இசட்டபிள்யூவில் போட்டால் கோப்பு மூலத்தைவிடப் பெரிதாவதுகூட உண்டு.

க்யூஜிஐஎஸ் பயன்படுத்துவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேமிக்கும்போது ‘ஹை கம்ப்ரஷன்’ என்று ஒரு தயார்த் தேர்வு இருக்கிறது. அதற்குள் இருப்பது டிஃப்லேட், பிரிடிக்டர் 2, அளவு 9. முழு எண்ணுக்கு அருமை. ஃப்ளோட் உயரத் தரவு என்றால் அந்த 2-ஐ அழித்து 3 என்று நீங்களே மாற்றுங்கள். காக் வடிவில் எழுதினால் பிரிடிக்டர் விருப்பத்துக்கு ‘எஸ்’ (YES) என்று மட்டும் சொன்னால் போதும், தரவு வகையைப் பார்த்துத் தானே சரியானதைப் போட்டுக்கொள்ளும். சொல்லாமல் விட்டால் எதுவும் போடாது.

வகை எண்களுக்கு வித்தியாசம் எடுப்பதில் பெரிதாக அர்த்தமில்லை. ஒரே எண் நீளமாகத் தொடர்வதால் வெறும் டிஃப்லேட்டே பிரமாதமாகச் சுருக்கும்.

லெர்க் என்பது எஸ்ரி நிறுவனம் உருவாக்கிய முறை, அளவீடுகளுக்கென்றே செய்தது. அதிகபட்சப் பிழை இவ்வளவுதான் இருக்கலாம் என்று நீங்கள் சொல்லிவிடலாம். உயரத் தரவில் 0.005 என்று கொடுத்தால் எந்தப் பிக்சலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் நகராது. மேலே சொன்ன 128 கணக்கை இது இன்னும் நேர்த்தியாகச் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் பிழை பூஜ்யம், அதாவது இழப்பற்றது. இதிலும் பழைய மென்பொருள் திறக்காத சிக்கல் உண்டு.

நிறப் படங்களுக்கு ஜேபெக். 8 பிட், மூன்று பேண்ட். கூடவே ஃபோட்டோமெட்ரிக் விருப்பத்தில் ஒய்சிபிசிஆர் (ஒளிர்வையும் நிறத்தையும் பிரித்து வைக்கும் முறை) என்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகச் சுருக்கி இடத்தை வீணாக்கும். தரம் 75 இயல்பானது; பின்னணிப் படத்துக்கு அது போதும், பெரிதாக்கிப் பார்த்துக் கட்டட ஓரங்களை வரைவீர்கள் என்றால் 85 அல்லது 90 வையுங்கள்.

ஜேபெக்கில் எல்லோரையும் படுத்துவது கறுப்பு ஓரம். ட்ரோன் படத்தின் விளிம்புக்கு வெளியே மதிப்பு 0, அதுவே நோடேட்டா என்று வைத்திருப்போம். ஜேபெக் சுருக்கும்போது விளிம்பை ஒட்டியுள்ள சில பூஜ்யங்கள் 1, 2, 3 என்று மாறிவிடும். அவை இனி நோடேட்டா இல்லை. படத்தைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் கொசுக் கூட்டம்போல மொய்த்து நிற்கும். இதற்கு வழி, நோடேட்டா எண்ணை நம்பாமல் மாஸ்க் வைப்பது. எந்தப் பிக்சல் செல்லும், எது செல்லாது என்பதை மாஸ்க் தனியாக, இழப்பில்லாமல் வைத்திருக்கும். நான்காவது பேண்டாக ஆல்ஃபா (ஒளிபுகும் அளவைச் சொல்லும் அடுக்கு) இருக்கும் படத்தை ஜேபெக் சுருக்கத்தோடு காக் வடிவில் எழுதினால் ஜிடால் அந்த ஆல்ஃபாவைத் தானாகவே மாஸ்க்காக மாற்றிவிடும். வெப்பி என்ற இன்னொரு படச் சுருக்க முறை என்றால் ஆல்ஃபாவை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

ஜேபெக்கிலிருந்து மீண்டும் ஜேபெக் எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இழப்பு சேர்ந்துகொண்டே போகும். இழப்பற்ற மூலம் ஒன்று, அதிலிருந்து பார்ப்பதற்கான ஜேபெக் நகல் என்று இரண்டாக வைத்துக்கொள்வதுதான் நல்லது.

ஆறாம் படி: டைலும் ஓவர்வியூவும்

கோப்பு சிறியதாகிவிட்டது, ஆனாலும் திறக்க மெதுவாக இருக்கிறது என்பார்கள். சுருக்கத்தில் குற்றமில்லை, உள் அடுக்கில்தான்.

ஜிடால் சாதாரண ஜியோடிஃபை எழுதும்போது நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் வரி வரியாக அடுக்கும். அந்த 50,000 பிக்சல் அகலப் படத்தில் நடுவே 500 × 500 பகுதி மட்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 வரிகளையும் முழுதாகப் படித்து விரிக்க வேண்டும்: 2.5 கோடிப் பிக்சல். அதையே 512 × 512 டைல்களாக அடுக்கியிருந்தால் அதிகபட்சம் நான்கு டைல், சுமார் 10.5 லட்சம் பிக்சல். டைல்டு விருப்பத்தை ‘எஸ்’ ஆக்கினால் போதும். சாதாரண ஜியோடிஃபில் இயல்பு அளவு 256, காக்கில் 512.

ஓவர்வியூ என்பது படத்தின் சிறிய நகல்கள்: பாதி, கால், எட்டில் ஒன்று என்று. முழுப் படத்தையும் திரையில் காட்ட 200 கோடிப் பிக்சலைத் தொட வேண்டியதில்லை, சிறிய நகலே போதும். இடம் வீணாகுமே என்று பயப்பட வேண்டாம். நான்கில் ஒன்று, பதினாறில் ஒன்று, அறுபத்து நான்கில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனாலும் மொத்தம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது.

ஓவர்வியூவை எந்தக் கணக்கில் சிறிதாக்குவது என்பதில்தான் முன்பு கேட்ட கேள்வி மீண்டும் வருகிறது. நிறத்துக்கும் அளவீட்டுக்கும் சராசரி பொருந்தும். வகை எண்களுக்குச் சராசரி எடுத்தால் கதை கந்தல். ஐரோப்பிய விண்வெளி அமைப்பான ஈசாவின் வேர்ல்டுகவர் நிலப்படத்தில் 10 என்றால் மரங்கள், 50 என்றால் கட்டடப் பகுதி, 30 என்றால் புல்வெளி. மரமும் கட்டடமும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் சராசரி எடுங்கள்: 30. ஊரின் நடுவே புல்வெளி முளைத்துவிடும்! பெரிதாக்கிப் பார்த்தால் மறையும், சிறிதாக்கினால் மீண்டும் வரும். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே நேரம் ஆகும். காக் வடிவில் எழுதும்போது வண்ணப் பட்டியல் இல்லாத கோப்புக்கு இயல்பாகவே க்யூபிக் முறைதான் போடும். அதுவும் இதே தவறைச் செய்யும். எனவே வகைப் படங்களுக்கு மறக்காமல் நியரஸ்ட் (அருகிலுள்ள மதிப்பு) அல்லது மோடு (அதிகம் வரும் மதிப்பு) என்று சொல்லுங்கள்.

காக் எழுதி முடித்தபின் ஜிடால்ஆட்ஓ கட்டளையால் ஓவர்வியூ சேர்க்காதீர்கள். உள் அடுக்கு கலைந்துவிடும். கோப்பு திறக்கும், ஆனால் காக்காக இருக்காது.

ஓட்டுவதற்கு முன் சில கவனிப்புகள்

பழைய டிஃப் வடிவம் 32 பிட் முகவரிகளை வைத்திருப்பதால் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதற்கு மேல் பிக்டிஃப் வேண்டும். சுருக்கம் இல்லாதபோது ஜிடால் அளவைக் கணக்கிட்டுத் தானே பிக்டிஃபுக்கு மாறிவிடும். சுருக்கும்போது இறுதி அளவு அதற்கும் முன்கூட்டித் தெரியாது. பாதிக்கு மேல் எழுதிவிட்டு 4 ஜிபியில் முட்டி நின்றுவிடலாம். பெரிய கோப்பு என்றால் பிக்டிஃப் விருப்பத்தில் ‘எஸ்’ அல்லது ‘இஃப் சேஃபர்’ என்று கொடுத்துவிடுங்கள்.

ஆயத்தொலைவு மாற்றும் ஜிடால்வார்ப் கட்டளையில் நேரடியாகச் சுருக்கச் சொன்னால், ஒரே பிளாக்கைப் பல முறை எழுதி நடுவில் பயனற்ற இடைவெளிகளை விட்டுவிடும். கோப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வரும். முதலில் வார்ப்பை விஆர்டியாகவோ சுருக்காத தற்காலிகக் கோப்பாகவோ எடுங்கள், பிறகு டிரான்ஸ்லேட்டில் சுருக்குங்கள்.

நம்த்ரெட்ஸ் விருப்பத்தில் ‘ஆல் சிபியூஸ்’ கொடுத்தால் கணினிச் செயலியின் எல்லாக் கோர்களும் வேலை செய்யும். முழுக் கோப்பில் இறங்கும் முன் 5,000 × 5,000 துண்டு ஒன்றை வெட்டி, இரண்டு மூன்று முறைகளில் சுருக்கி, அளவையும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். வெட்டும் துண்டில் மலையும் சமவெளியும், ஊரும் காடும் கலந்திருக்கட்டும். முழுக்க நீர்ப்பரப்பாக இருக்கும் துண்டு எந்த முறையிலும் அழகாகச் சுருங்கி உங்களை ஏமாற்றும்.

கடைசிப் படி: மூலத்தை அழிக்கும் முன்

புதிய கோப்பு திரையில் சரியாகத் தெரிகிறது என்பது போதாது. இழப்பற்ற முறை என்றால் ஜிடால்இன்ஃபோவை செக்சம் விருப்பத்தோடு மூலத்திலும் புதியதிலும் ஓட்டுங்கள். ஒவ்வொரு பேண்டுக்கும் ஒரு எண் வரும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அதோடு நோடேட்டா மதிப்பு, ஆயத்தொலைவு அமைப்பு, ஸ்கேல், ஆஃப்செட், பேண்ட் பெயர்கள் எல்லாம் வந்து சேர்ந்தனவா என்று பாருங்கள். மூலக் கோப்பின் பக்கத்தில் டாட் ஆக்ஸ் டாட் எக்ஸ்எம்எல் என்று முடியும் துணைக் கோப்பு இருந்தால் அதிலுள்ள பழைய புள்ளிவிவரங்களைப் புதிய கோப்புக்குத் தூக்கிச் செல்லாதீர்கள். தரவு வகையையோ ஸ்கேலையோ மாற்றியிருந்தால் படம் முழுக்கக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெரிவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

இழப்புள்ள முறையிலும், முழுமையாக்கிய தரவிலும் செக்சம் பொருந்தாது. ராஸ்டர் கால்குலேட்டரில் புதியதிலிருந்து மூலத்தைக் கழித்து, வரும் படத்தின் மிகக் குறைந்த மதிப்பையும் மிக அதிக மதிப்பையும் பாருங்கள். 8 பிட் கோப்புகள் என்றால் கழிக்கும் முன் ஃப்ளோட்டாக மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதிர்மறை எண்கள் சுற்றிக்கொண்டு 255 பக்கம் போய்விடும். லெர்க்கில் 0.005 கொடுத்திருந்தால் இரண்டு எண்ணும் அந்த வரம்பைத் தாண்டக் கூடாது. ஓரிடத்தில் மட்டும் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் வந்தால் அனேகமாக அங்கே நோடேட்டா மாறியிருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை மூலம் அது இருக்கும் டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.